முளையும் துளையும்: மாதிரி ரயில் கன்டெய்னர்கள் பற்றி வாசகர் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. வெவ்வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் மாதிரி கன்டெய்னர்களை ஒரே ரயிலில் ஏற்ற முடியுமா, ஒன்றின் மேல் ஒன்றை அடுக்க முடியுமா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எச்ஓ எனப்படும் 1:87 மாதிரி அளவில் இரண்டு நிறுவனங்களின் 40 அடி கன்டெய்னர்களை வாங்கினேன். இரண்டின் உறையிலும் 1:87 என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்று வெல் காரின் தளம்வரை எளிதாக இறங்குகிறது. மற்றொன்று பாதியில் சிக்கிக்கொள்கிறது. இவற்றில் எதன் அளவு தவறானது?

பதில்: இரண்டுமே சரியான அளவில் இருக்கக்கூடும். நடுத்தளம் தாழ்ந்த உங்கள் வெல் காரிலும் குறை எதுவும் இல்லாமல் இருக்கலாம். தனித்தனியே சரியாக உள்ள மூன்று பொருள்கள் ஒன்றுசேரும்போது பொருந்தாமல் போவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நேர்வதுதான். அதற்குக் காரணமும் உண்டு.

உண்மையான கன்டெய்னரின் அளவிலிருந்து தொடங்குவோம். ஐஎஸ்ஓ 668 தரநிலையின்படி 40 அடி கன்டெய்னரின் வெளிப்புற நீளம் 12,192 மி.மீ., அகலம் 2,438 மி.மீ. எச்ஓவில் ஓர் அடி என்பது 3.5 மி.மீ. ஆகையால், மாதிரி 140 மி.மீ. நீளமும் 28 மி.மீ. அகலமும் கொண்டிருக்க வேண்டும். உங்களிடம் உள்ள இரண்டையும் கூரையோரத்தில் அளந்து பார்த்தால் இந்த எண்களை ஒட்டியே இருக்கும் என்று நினைக்கிறேன். வேறுபாடு பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் ஒளிந்திருக்கும். அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டிக் உடல், அச்சைவிட்டு இழுபடாமல் கழன்று வருவதற்காக அதன் பக்கச்சுவர்களுக்கு மிக நுண்ணிய சாய்வு கொடுப்பார்கள். கூரையும் சுவர்களும் ஒரே வார்ப்பாக அமைந்து அடிப்புறம் திறந்திருக்கும் உடலில், வாய்ப்பகுதியான அடிதான் அகலமாக இருக்கும். பிறகு அடித்தகட்டைத் தனியாகச் செருகும்போது அது சுவர்களை இன்னும் சற்று வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அகலம் மிகுந்த அந்த அடிதான் வெல் காருக்குள் முதலில் நுழைய வேண்டியிருக்கிறது.

வெல் காரின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. வட அமெரிக்க உள்நாட்டுப் போக்குவரத்தில் ஓடும் 48, 53 அடி கன்டெய்னர்களின் அகலம் 8 அடி அன்று; எட்டரை அடி. எச்ஓவில் அது 29.75 மி.மீ. ஆகிறது. அவற்றுக்காக வடிவமைக்கப்பட்ட வெல் காரில் 28 மி.மீ. கன்டெய்னர் தாராளமாக இறங்கும். சற்று ஆடவும் செய்யும். ஆனால் 40 அடி கன்டெய்னருக்கென்றே, அதுவும் தன் சொந்தக் கன்டெய்னரை மட்டும் வைத்துப் பார்த்து ஒரு நிறுவனம் வெல் காரைச் செய்திருந்தால், அடுத்த நிறுவனத்தின் சாய்வுக்கும் பிதுக்கத்துக்கும் அங்கே இடமிருக்காது.

அளக்கும்போது வெர்னியர் காலிபரைக் கொண்டு கன்டெய்னரின் அடியில் இரு முனைகளிலும், நடுவிலும், பிறகு கூரையோரத்திலும் அளவெடுங்கள். வெல் காரின் உட்புறத்தையும் இரு முனைகளிலும் நடுவிலும் அளவெடுங்கள். அளப்பதற்கு முன்பே ஓர் எளிய சோதனையைச் செய்யலாம். சிக்கி நிற்கும் கன்டெய்னரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாமல் இறுகி நின்றால் அகலம்தான் தடை. நான்கு மூலைகளிலும் ஒரே சீராக உயர்ந்து நின்றுகொண்டு, பக்கவாட்டில் தளர்வாக ஆடினால், அடியிலுள்ள முளைகள் தளத்தில் முட்டுகின்றன என்று பொருள். ஒரு முனை இறங்கி மறுமுனை மட்டும் தூக்கி நின்றால், கதவுப் பக்கத்தில் புடைத்திருக்கும் பூட்டுக்கம்பிகள் நீளத்தைக் கூட்டியிருக்கலாம்.

தடை அகலத்தில் இருந்து, அதுவும் கால் மில்லிமீட்டர் அளவில் இருந்தால், வெல் காரின் உட்சுவரில் உள்ள முகடுகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். கன்டெய்னரைத் தேய்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெல் காரின் உட்புறம் கண்ணுக்குப் படாத இடம். கன்டெய்னரின் பக்கச்சுவரோ நிறமும் எழுத்தும் அச்சான முகம். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த இணையை விட்டுவிட்டு, அந்தக் கன்டெய்னரைச் சமதள வேகனில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கன்டெய்னரில் அடியில் முளைகளும் கூரையில் துளைகளும் இருக்கின்றன. இன்னொன்றில் காந்தம் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டும் இல்லை. அடியும் கூரையும் வழவழப்பாக இருக்கின்றன. இம்மூன்றையும் கலந்து இரண்டடுக்காக ஏற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த வழியை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான கன்டெய்னர் உலகம் முழுவதும் செல்லுபடியாவதற்குக் காரணம் அதன் மூலை. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கன்டெய்னர்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டபோது, பொதுத்தரம் என்ற ஒன்று இல்லை. மெக்லீனின் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் வடிவமைத்த மூலைப்பொருத்தின் காப்புரிமையை மெக்லீனின் நிறுவனம் 1960களில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. பொதுத்தரம் உருவாக அது பெரிதும் உதவியது. இன்று ஐஎஸ்ஓ 1161 தரநிலை மூலைவார்ப்பின் ஒவ்வொரு அளவையும் வரையறுக்கிறது. அதன் மேல்துளை 124 மி.மீ. நீளமும் 63.5 மி.மீ. அகலமும் உடையது. எந்த நாட்டில் செய்த கன்டெய்னராக இருந்தாலும், எந்த நாட்டின் பாரந்தூக்கியும் அந்தத் துளையைப் பிடித்துத் தூக்கிவிடும்.

அதே துளையை மாதிரியாக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். எச்ஓவில் அது 1.42 மி.மீ.க்கு 0.73 மி.மீ. ஆகிறது, ‘என்’ எனப்படும் சிறிய ஸ்கேலின் 1:160 அளவில் 0.78 மி.மீ.க்கு 0.40 மி.மீ. மட்டுமே. அதற்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் முளையைச் செய்தால் ஓரிரு முறை கழற்றி மாட்டுவதற்குள் ஒடிந்துவிடும். ஆகவே ஒரு நிறுவனம் முளையைத் தடிப்பாக்குகிறது, இன்னொன்று முளையை மூலையிலிருந்து உள்ளே தள்ளிவைக்கிறது, வேறொன்று முளையையே கைவிட்டுக் காந்தத்துக்கு மாறுகிறது. ‘என்’ ஸ்கேல் கன்டெய்னர்களுக்குப் பெயர்பெற்ற ஜாக்சன்வில் டெர்மினல் கம்பெனி காந்த இணைப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொருவரும் தத்தம் சிக்கலுக்கு நேர்மையான தீர்வையே கண்டிருக்கிறார்கள். ஆனால் மூலையைப் பொதுவாக்கும் அந்த விட்டுக்கொடுத்தல் மாதிரி உலகில் நடக்கவில்லை. எனவே உங்கள் ரயிலுக்கான பொதுத்தரத்தை நீங்கள்தான் விதிக்க வேண்டும்.

நான் விதித்துக்கொண்ட தரம் இது. எந்த நிறுவனத்தின் கன்டெய்னராக இருந்தாலும், வீட்டுக்கு வந்தவுடன் அடிமுளைகளை நறுக்கிச் சமதளமாக்கிவிடுகிறேன். அடித்தகட்டின் உட்புறத்தில், 40 அடி நிலையின் (அதாவது 40 அடி கன்டெய்னரின் மூலைகள் வரும் இடத்தின்) இரு முனைகளிலும் சிறிய காந்தங்களை ஒட்டுகிறேன். கூரையின் உட்புறத்தில் அதே நிலைகளில் மெல்லிய எஃகுத் தகட்டை ஒட்டுகிறேன். அடியில் காந்தம், கூரையில் தகடு என்று பிரித்துவிட்டால் வடமுனை, தென்முனை பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எந்தக் கன்டெய்னரையும் மேலேயோ கீழேயோ வைக்கலாம், முன்பின்னாகத் திருப்பியும் வைக்கலாம். 45, 48, 53 அடி கன்டெய்னர்களிலும் முனைகளில் அல்லாமல் 40 அடி நிலையிலேயே ஒட்டுங்கள். எச்ஓவில் இரு காந்தங்களும் 140 மி.மீ. எல்லைக்குள், நடுவிலிருந்து சம தொலைவில் அமைய வேண்டும். நீளம் எதுவானாலும் காந்தமும் தகடும் ஒரே இடத்தில் சந்திப்பது இந்த ஒழுங்கால்தான். ஒரே அட்டைத்துண்டில் நிலைகளைக் குறித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துவிடும்.

காந்தத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த வெல் காரைக் காந்தம் பிடிக்காது. கீழ்க் கன்டெய்னர் தன் எடையிலும் வெல் காரின் சுவர்களிலுமே நிலைநிற்க வேண்டும். மேலும், வேகன்களைக் கழற்றிவிடுவதற்காகத் தண்டவாளத்தின் கீழ் காந்தம் பதித்திருப்பவர்கள், தாழ்தள வேகனின் அடிக்காந்தம் அதோடு ஈர்ப்புக் கொள்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

காந்தம் வேண்டாம் என்பவர்கள், சுவரொட்டிகளை ஒட்டிப் பிரிக்கப் பயன்படும் பசைமண்ணைக் கடுகளவு எடுத்து நான்கு மூலைகளிலும் வைத்தாலே போதும். உடனடிப் பசையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் அதைக் கொண்டு நான்கு இணைகளை நிரந்தரமாக ஒட்டினேன். பசையின் ஆவி அச்செழுத்துகளின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பின்னர் பிரிக்க முயன்றபோது இரண்டு கூரைகள் பெயர்ந்து வந்தன. அவற்றைப் போன்ற வண்ணப்பூச்சு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை.

கேள்வி: எச்ஓவும் ஓஓவும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தானே ஓடுகின்றன? அப்படியானால் கன்டெய்னர்களையும் மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. தண்டவாளம் ஒன்றாக இருப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். எச்ஓவின் விகிதம் 1:87, ஓஓவின் விகிதம் 1:76.2. ஓஓவில் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பதால் 40 அடி கன்டெய்னர் 160 மி.மீ. நீளமும் 32 மி.மீ. அகலமும் கொண்டிருக்கும். எச்ஓ கன்டெய்னரை ஓஓ வேகனில் வைத்தால் நீளத்தில் 20 மி.மீ. வெற்றிடம் விழும், எந்த மூலையும் அதற்குரிய இடத்தில் அமராது. ஓஓ கன்டெய்னரோ எச்ஓ வெல் காருக்குள் இறங்கவே இறங்காது.

‘என்’ ஸ்கேலில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. உறையில் ஒரே எழுத்து இருந்தாலும் அதற்குள் மூன்று விகிதங்கள் உள்ளன: அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. 40 அடி கன்டெய்னர் முறையே 76.2, 82.4, 81.3 மி.மீ. ஆகிறது. பிரிட்டன் அளவும் ஜப்பான் அளவும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வேறுபடுவதால் சமதள வேகனில் கலந்து வைத்தால் கண்ணை உறுத்தாது. ஆனால் 1:160 கன்டெய்னரை அவற்றில் எதனோடும் அடுக்கினால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். ‘என்’ என்ற எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். விகித எண்ணைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு விலக்கு சொல்லலாம். முனையக் காட்சியில் பின்புறச் சுவரை ஒட்டித் தொலைவில் தெரிய வேண்டிய அடுக்குகளுக்குச் சற்றுச் சிறிய விகிதத்தைப் பயன்படுத்தினால், தொலைவு கூடியதுபோல் தோன்றும். ஓஓ காட்சியின் பின்வரிசையில் எச்ஓ கன்டெய்னர்கள் அழகாகவே அமையும். அருகிலேயே ஓஓ கன்டெய்னர் எதுவும் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

கேள்வி: இரண்டு 20 அடி கன்டெய்னர்களைச் சேர்த்து வைத்தால் 40 அடி கன்டெய்னரைவிடச் சற்றுக் குறைவாக இருக்கிறதே, இது தயாரிப்புக் குறையா?

பதில்: குறையன்று, அப்படித்தான் இருக்க வேண்டும். 20 அடி கன்டெய்னரின் உண்மையான நீளம் 6,058 மி.மீ. மட்டுமே. இரண்டுக்கும் இடையே 76 மி.மீ. இடைவெளி விட்டால்தான் 12,192 மி.மீ. நிறையும். எச்ஓவில் ஒவ்வொன்றும் 69.6 மி.மீ.; இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சரியாக 70 மி.மீ. வைத்துச் செய்த 20 அடி கன்டெய்னர்கள் உங்களிடம் இருந்தால், அவை வெல் காரில் நெருக்கிக்கொண்டு நிற்கக் காரணம் அதுவே.

கேள்வி: இரண்டு 20 அடி கன்டெய்னர்களை 40 அடி கன்டெய்னரின் மேல் வைக்கலாமா? 53 அடி கன்டெய்னரை 40 அடியின் மேல் வைத்தால் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அப்படி ஏற்றுவார்களா?

பதில்: முதலாவது கூடாது, இரண்டாவதை அன்றாடம் காணலாம்.

வெல் காரில் மேல் கன்டெய்னரையும் கீழ்க் கன்டெய்னரையும் மூலைகளில் வைக்கும் இணைப்பிகள் பூட்டுகின்றன. 40 அடி கன்டெய்னரின் கூரையில் நடுப்பகுதியில் மூலைவார்ப்பு எதுவும் இல்லை. அதனால் மேலே வைக்கும் 20 அடி கன்டெய்னரின் உள்முனையைப் பூட்ட இடமே இல்லை. 20 அடி இணை எப்போதும் கீழே; அதன் மேல் 40 அடியோ அதைவிட நீளமானதோ வரலாம். 45, 48, 53 அடி கன்டெய்னர்களுக்கு 40 அடி நிலையில் தாங்குதூண்கள் இருப்பதால் அவை 40 அடியின் மேல் முறையாக அமர்கின்றன. உங்கள் மாதிரியின் பக்கச்சுவரைக் கூர்ந்து பார்த்தால், முனையிலிருந்து உள்தள்ளிய அந்தத் தூண்கள் தெரியும். சில மலிவான மாதிரிகளில் முளைகளை முனைகளில் வைத்துவிடுகிறார்கள். அடுக்கு பொருந்தாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எச்ஓவில் ஒரு பக்கத்துக்கு 22.75 மி.மீ. வரும். பல வெல் கார்கள் ஒரே தொடராகக் கோக்கப்பட்ட வண்டியில் அடுத்தடுத்து 53 அடி கன்டெய்னர்களை மேலே வைத்தால், வளைவில் அவற்றின் மூலைகள் உரசக்கூடும். உங்களிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் வண்டியைக் கையால் தள்ளிச் சரிபாருங்கள்.

கேள்வி: லாரிக்கும் ரயிலுக்கும் இடையே மாற்றி ஏற்றும் சரக்குப்பெட்டிகளான ஐரோப்பிய ‘ஸ்வாப் பாடி’களைக் கன்டெய்னர் வேகனில் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், அடுக்கக் கூடாது. 7.82 மீட்டர் வகையின் அடிப்பிடிகள் 20 அடி கன்டெய்னரின் நிலைகளிலேயே இருப்பதால் முளையுள்ள வேகனில் அமரும். எச்ஓவில் இரு முனைகளிலும் ஏறத்தாழ 10 மி.மீ. நீட்டியிருக்கும். 2.55 மீட்டர் அகலம் எச்ஓவில் 29.3 மி.மீ. ஆவதால், 28 மி.மீ.க்கென்று செய்த பள்ளத்தில் நுழையாது.

கேள்வி: ஒரே நீளமுள்ள கன்டெய்னர்களை வரிசையாக வைத்தால் சில உயரமாகத் தெரிகின்றன. எது சரியான உயரம்?

பதில்: இரண்டு உயரங்களும் சரியானவையே. வழக்கமான கன்டெய்னர் எட்டரை அடி, ‘ஹைக்யூப்’ எனப்படுவது ஒன்பதரை அடி. எச்ஓவில் 29.75 மி.மீ., 33.25 மி.மீ. என்று மூன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு வரும். 1:160இல் ஏறத்தாழ 1.9 மி.மீ. இரண்டும் கலந்து ஓடுவதுதான் இயல்பான காட்சி என்பதால் இதைக் குறையாக எண்ண வேண்டாம்.

கன்டெய்னரின் மேல் அச்சான குறியீட்டையே நீங்கள் சாட்சியாகக் கொள்ளலாம். ஐஎஸ்ஓ 6346 முறையில் உரிமையாளர் எண்ணை அடுத்து நான்கு இலக்கக் குறியீடு ஒன்று வரும். முதல் குறி நீளத்தையும் இரண்டாம் குறி உயரத்தையும் அகலத்தையும் சொல்லும். 22ஜி1 என்றால் 20 அடி நீளம், எட்டரை அடி உயரம். 42ஜி1 என்றால் 40 அடி, எட்டரை அடி. 45ஜி1 என்றால் 40 அடி ஹைக்யூப். இங்கே 45 என்பதை நீளமென்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். 45 அடி ஹைக்யூபின் குறியீடு எல்5ஜி1. ஹைக்யூபின் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமான பட்டைகளும் இருக்கும். ஒரே வார்ப்பில் பல வண்ணங்களை அச்சிடும் மாதிரிகளில், எட்டரை அடி உடலின் மேல் 45ஜி1 என்று அச்சாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலிபரும் குறியீடும் முரண்பட்டால், அடுக்குவதற்குக் காலிபரை நம்புங்கள்.

கேள்வி: இரண்டடுக்கு ரயில் என் சுரங்கப்பாதையில் நுழைகிறது, ஆனால் வேறு நிறுவனத்தின் கன்டெய்னர்களை ஏற்றியபோது வளைவிலுள்ள வாயிலில் இடித்தது. ஏன்?

பதில்: முன்பு ஏற்றியவை எட்டரை அடி கன்டெய்னர்களாகவும் இப்போது ஏற்றியவை ஹைக்யூபாகவும் இருக்க வேண்டும். இரண்டு ஹைக்யூப் கன்டெய்னர்களை ஏற்றிய உண்மையான வெல் காரின் உச்சி, தண்டவாளத்திலிருந்து 20 அடி 2 அங்குலம். எச்ஓவில் அது 70.6 மி.மீ.; 1:160இல் 38.4 மி.மீ. இதோடு, முன்னர் சொன்னபடி முளையோ அகலமோ தடுத்துக் கன்டெய்னர் முழுவதும் இறங்காமல் நின்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிவிடும். வளைவில் நீண்ட வேகனின் நடுப்பகுதி உள்பக்கமாகவும், முனைகள் வெளிப்பக்கமாகவும் விலகுவதால் உயரத்தோடு அகலமும் சேர்ந்து சோதிக்கிறது.

எடையையும் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரை எச்ஓ வேகனுக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் சேர்த்துக்கொள்வது. 8 அங்குல வேகனுக்கு 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம். அந்த எடை முழுவதும் வெல் காரிலோ கீழ்க் கன்டெய்னரிலோ இருக்க வேண்டும். கனமான வார்ப்புக் கன்டெய்னரை மேலே வைத்தால் வண்டி வளைவில் சாயும். சாயும் வண்டி, போதிய உயரமுள்ள வாயிலிலும் தோளை இடித்துக்கொள்ளும்.

தடித்த அட்டையில் இரண்டு ஹைக்யூப் அடுக்கின் முன்முகத்தை, மேலும் 2 மி.மீ. சேர்த்து வெட்டி, உங்களிடம் உள்ள மிக நீண்ட வெல் காரின் இரு முனைகளிலும் நடுவிலும் நிறுத்தி, எல்லா வாயில்கள் வழியாகவும் பாலங்களின் கீழாகவும் கையால் தள்ளிச் செல்லுங்கள். அட்டை எங்கே மடங்குகிறதோ அங்கே பென்சிலால் குறித்து, முதலில் அந்த இடத்தைச் செதுக்குங்கள். புதிய கன்டெய்னர்களை அதன் பிறகு ஏற்றலாம்.